குழந்தைக்கு வெளிநாட்டு மொழி கற்றுத்தரும் கார்ட்டூனுக்குப் பணம் கட்டும் முன்: எங்கள் அனுபவம்

பள்ளி வயதை எட்டாத குழந்தையை வைத்துக்கொண்டு, வேறு மொழி பேசும் நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், துணைவர் முன்னால் போய்விட, குழந்தையைத் தனியாகத் தயார்ப்படுத்த வேண்டிய நிலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். “கார்ட்டூன் போட்டு விடுங்க, தானா வந்துடும்” என்று உங்களிடமும் நிறையப் பேர் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். அப்படித் தானாக வராது, வர வேண்டுமானால் கூடவே என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒருவராவது அன்றைக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், சில மாதங்களும் மிஞ்சியிருக்கும்.

என் கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து அவர் முதலில் கிளம்பிவிட்டார். எனக்கும் மகளுக்கும் விசா எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அப்போது மூன்றரை வயது. போனதும் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். அங்கே எல்லோரும் பேசுவது ஜெர்மன். தாகம் எடுத்தால்கூடக் கேட்கத் தெரியாமல் ஒரு மூலையில் நிற்பாளே என்று நினைத்தாலே வயிற்றைப் பிசையும். வீட்டில் நானும் அவளும் மட்டும். பகலெல்லாம் வேலை, ராத்திரி அவள் தூங்கிய பிறகு விசா பேப்பர்கள். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் கற்றுத்தரும் அனிமேஷன் தொடர். தினமும் சிறிது நேரம் பார்த்தால் போதும், குழந்தை சில மாதங்களில் தாய்மொழி போலப் பேசும் என்று போட்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தை நான் மனதார நம்பினேன். நம்ப வேண்டிய நிலைமையில் இருந்தேன்.

முதல் வாரம் இலவசம் என்றார்கள். கார்டு விவரம் கொடுத்தால்தான் அந்த இலவசமும் திறக்கும். வாரம் முடிந்ததும் ஒரு வருடத்துக்கான முழுத் தொகையும் ஒரே மூச்சில் போய்விட்டது. மாதம் மாதம் கட்டலாம் என்ற வழி எங்கோ ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். போன தொகை அந்த மாத வீட்டுச் செலவில் பாதி. அதோடு படஅட்டைகள், பொம்மை, பாட்டுப் புத்தகம் சேர்ந்த ஒரு பெட்டியும் தனியாக வாங்கினேன், “இது இல்லாமல் பலன் முழுதாக வராது” என்று அவர்கள் மெயில் மேல் மெயில் அனுப்பியதால். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலவசக் காலம் என்று எதில் சேர்ந்தாலும் அன்றைக்கே சந்தாவை ரத்து செய்துவிடுங்கள்; பெரும்பாலும் மிச்ச நாட்களுக்குப் பார்க்க விடுவார்கள். ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், போனில் உங்கள் ஆப் ஸ்டோர் கணக்குக்குள் போய், சந்தாக்கள் என்ற பகுதியில் நிறுத்தினால்தான் நிற்கும். எனக்கு இது தெரிய வந்தது பெரிய தொகை போன பிறகு. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியபோது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தானியங்கிப் பதில்தான் வந்தது, அழுகையாக வந்தது.

முதல் சில வாரங்கள் சந்தோஷமாகவே போயின. அதை மறைக்க மாட்டேன். மகள் டிவி முன் உட்கார்ந்து ரோட், ப்ளாவ், க்ரூன் என்று நிறங்களைச் சொல்வாள். ஒன்றிலிருந்து பத்து வரை ராகமாக எண்ணுவாள். நான் அதையெல்லாம் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். அங்கே தனியாக இருக்கும் மனிதருக்கு அதுதான் அன்றைய பெரிய சந்தோஷம். நானும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சமையலை முடித்துவிடலாம். குழந்தைக்கும் நல்லது, எனக்கும் ஓய்வு என்று நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் வீடியோ காலில் அவருடன் வேலை செய்யும் ஜெர்மன் பெண்மணி ஒருவர் வந்தார். மகளைப் பார்த்துச் சிரித்து, மெதுவாக, “வீ ஹைஸ்ட் டூ?” என்று கேட்டார். உன் பேர் என்ன என்று அர்த்தம். தொடரில் ஏறக்குறைய எல்லா எபிசோடும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். மகள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு “ரோட், ப்ளாவ், க்ரூன்” என்று முழுதாக ஒப்பித்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெண்மணி கைதட்டிப் பாராட்டினார். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ சரிந்தது.

மறுநாள் நானே சோதித்துப் பார்த்தேன். பெட்டியில் வந்த நாய் பொம்மையையும் இன்னும் சில பொம்மைகளையும் தரையில் பரப்பி, “வோ இஸ்ட் டெர் ஹுண்ட்?” என்றேன், தொடரில் வரும் அதே குரலில். நாய் எங்கே என்று கேட்கிறேன். பொம்மை அவள் முழங்காலை ஒட்டிக் கிடக்கிறது. அவள் திரும்பி, அணைத்து வைத்திருந்த டிவியைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை ஹுண்ட் என்பது அந்த டிவிக்குள் இருக்கும் ஒன்று. இதையே டேப்லெட்டில் அந்தத் தொடரின் விளையாட்டில் கேட்டால் சரியாகத் தொட்டுவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் காரணம் புரிந்தது. சரியான படத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு மினுங்கும். அவள் அந்த மினுக்கைத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். அப்போதும் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கினாள். நீங்கள் எந்தத் தொடர், எந்த ஆப் வாங்கினாலும் இந்த இரண்டு சோதனைகளையும் முதல் வாரத்திலேயே செய்து பாருங்கள். ஒலி இல்லாமல் ஜெயிக்க முடிகிறதா? திரையில் கற்ற சொல், திரைக்கு வெளியே உள்ள பொருளோடு ஒட்டுகிறதா? உள்ளே அவர்கள் காட்டும் மதிப்பெண் பட்டியலை நம்பாதீர்கள்.

அதற்குள் வேறு தொல்லைகளும் சேர்ந்துவிட்டன. ஒரு எபிசோடு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். “அம்மா, இன்னொண்ணு” என்பாள். நிறுத்தினால் தரையில் விழுந்து அழுகை. படுக்கப் போகும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. முன்பெல்லாம் மாலையில் ஏதாவது கதை சொல்லச் சொல்லி நச்சரிப்பவள், கதையே கேட்பதில்லை. பெட்டியோடு வந்த கையேட்டில், வீட்டில் தாய்மொழியைக் குறைத்துப் புதிய மொழியில் பேசப் பாருங்கள் என்று ஒரு அறிவுரை வேறு. எனக்குத் தெரிந்த நான்கு ஜெர்மன் வாக்கியங்களை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன பேச முடியும்? சாப்பிடு, வா, நில், தூங்கு. வீட்டில் பேச்சே குறைந்துபோனது. பணம் போனதைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஜெர்மனிக்கு வந்த பிறகு கிண்டர்கார்டன் ஆசிரியை முதல் நாளே சொன்னார்: “வீட்டில் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். ஜெர்மன் எங்கள் வேலை.”

தூக்கம் வராத ராத்திரிகளில் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயங்கள் பொதுவெளியில்தான் இருந்தன. அமெரிக்காவில் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து, புத்தகம் காட்டி, விளையாடி, 12 அமர்வுகள் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் திரை வழியாகக் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. 2010-ல் ஜூடி டிலோச் குழுவினர் செய்த இன்னொரு ஆய்வு என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குச் சொல் கற்றுத்தரும் டிவிடியை ஒரு மாதம் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். பார்க்காத குழந்தைகளைவிட இவர்கள் அதிகமாக எதையும் கற்கவில்லை. டிவிடியே இல்லாமல், அதே சொற்களைப் பெற்றோர் அன்றாட வேலைகளுக்கு நடுவில் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். டிவிடியை விரும்பிய பெற்றோர், தங்கள் குழந்தை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. நான் எடுத்து அனுப்பிய வீடியோக்கள் எல்லாம் அப்போது நினைவுக்கு வந்தன.

இவை கைக்குழந்தைகளைப் பற்றியவை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் திரையிலிருந்து சில சொற்களைக் கற்கத்தான் செய்கிறார்கள். என் மகள் நிறங்களைக் கற்றாளே. ஆனால் சொற்களை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் எதையாவது கேட்கவும் பதில் சொல்லவும் எதிரே ஓர் ஆள் வேண்டும். எனக்கு வழி காட்டியது 2014-ல் வந்த ஓர் ஆய்வு. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: நேரில், வீடியோ காலில், முன்பே பதிவு செய்த வீடியோவில். நேரிலும் வீடியோ காலிலும் குழந்தைகள் கற்றார்கள். பதிவு செய்ததில் கற்கவில்லை. எதிரே இருப்பவர் குழந்தையின் பேச்சுக்கும் பார்வைக்கும் பதில் கொடுக்கிறார் அல்லவா, வித்தியாசம் அங்கேதான். கார்ட்டூன் பாத்திரம் கேள்வி கேட்டு நிறுத்தும். குழந்தை என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும், “சபாஷ்” என்றுதான் அடுத்து வரும்.

அப்புறம் நான் செய்தது இதுதான். ஜெர்மன் படித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவியைப் பிடித்தேன். மொழி வகுப்பு வேண்டாம், என் மகளோடு வீடியோ காலில் விளையாடுங்கள், ஜெர்மனில் மட்டும் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வாரத்தில் சில நாள், கொஞ்ச நேரம். அந்தப் பெட்டிக்குக் கொடுத்த தொகை இதற்குப் பல மாதம் வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அக்கா பொம்மையை ஒளித்து வைப்பாள், இவள் கத்துவாள். அக்கா வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள், இவள் “நைன்!” என்று சண்டைக்குப் போவாள். இல்லை என்ற அந்தச் சொல்லைத் தொடர் எத்தனையோ முறை சொல்லியும் இவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஆசிரியர் பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

கார்ட்டூனையும் விட்டுவிடவில்லை, பார்க்கும் முறையை மாற்றினோம். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்தேன். புதுப் புது எபிசோடு இல்லாமல் ஒரே எபிசோடை வாரம் முழுக்கப் போட்டேன். ப்ளூஸ் க்ளூஸ் என்ற அமெரிக்கத் தொடர் 1996-ல் வந்தபோது திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே எபிசோடையே காட்டினார்கள். திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குப் புரிதலும் கூடுகிறது, பதில் சொல்வதும் கூடுகிறது என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நமக்குச் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது. மூன்றாம் நாள் போல அடுத்து வரப்போகும் வரியை மகள் முந்திக்கொண்டு சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசுவேன்: ஏன் அழறான், இப்ப எங்க போறாங்க. முடிந்த பிறகு அதே காட்சியைப் பொம்மைகளை வைத்து விளையாடுவோம். ஒரு நாளைக்குத் திரை நேரம் எல்லாம் சேர்த்து ஒரு மணிக்குள் நிறுத்தினேன். இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை அதுவே உச்சம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அழுகை முதல் வாரம் இருந்தது, அப்புறம் அடங்கியது.

எந்தத் தொடரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் எனக்கு இப்போது ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. இந்த வகையில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கதை ஒரு மொழியில் ஓடும், நடுநடுவே வேற்று மொழிச் சொற்களைத் தெளிப்பார்கள். 2000-ல் தொடங்கிய டோரா அப்படித்தான். கதை ஆங்கிலத்தில், இடையில் ஸ்பானிஷ். அன்பான தொடர், ஆனால் அதைப் பார்த்து ஸ்பானிஷ் பேச வரும் என்று எதிர்பார்ப்பது அதற்கும் நியாயமில்லை, குழந்தைக்கும் நியாயமில்லை. இன்னொன்று, முழுக்க அந்த மொழியிலேயே ஓடுவது. 1986-ல் பிபிசி எடுத்த மஸ்ஸி பிள்ளைகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கவென்றே செய்யப்பட்டது; கடிகாரங்களைத் தின்னும் பெரிய ரோமப் பிராணி, இளவரசி, தோட்டக்காரன், பொறாமைக்காரன் என்று ஒரு கதை இருக்கிறது. அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு இருந்தால்தான் குழந்தை காது கொடுக்கும். நாங்கள் வாங்கிய தொடரில் கதையே இல்லை, படம் வரும், சொல் வரும், உடனே ஆங்கிலத்தில் அர்த்தம் வரும். கொஞ்ச நாளில் மகள் ஜெர்மன் வரும் வரை காத்திருக்கவே இல்லை, ஆங்கிலத்துக்குத்தான் காத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு சொல்லும் தொடர் என்றால் வாங்காதீர்கள்.

பணமே கட்ட வேண்டாத வழியும் உண்டு. அந்தந்த நாட்டுப் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சியைப் பாருங்கள். ஜெர்மனியில் 1971 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் மவுஸ் நிகழ்ச்சியை அங்கே பெரியவர்களும் பிரியமாகச் சொல்வார்கள். அன்றைக்கு என்னென்ன வரப்போகிறது என்ற முன்னுரையை முதலில் ஜெர்மனிலும், உடனே வேறொரு நாட்டு மொழியிலும் சொல்வார்கள். கடைசியில் அது எந்த மொழி என்று தெரிவிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை நினைத்து எழுபதுகளில் தொடங்கிய பழக்கம் அது. அதில் எலி, யானை, வாத்து வரும் குட்டிக் கார்ட்டூன்களில் பேச்சே கிடையாது. எங்களுக்கு மிக உதவியவை அவைதான். மாணவி அக்கா வீடியோ காலில் அதைப் போட்டுக்காட்டி ஜெர்மனில் கதை சொல்வாள், ராத்திரி நான் அதையே தமிழில் சொல்வேன். பேச்சில்லாத கார்ட்டூன் எதுவானாலும் இப்படிப் பயன்படும்.

விசா வந்து நாங்கள் கிளம்பியபோது அவளுக்கு ஜெர்மன் கொஞ்சம்தான் தெரியும். கடைசி வாரங்களில் நானும் அக்காவும் நிறங்களையும் எண்களையும் விட்டுவிட்டு, கிண்டர்கார்டனில் முதல் நாளே தேவைப்படுவதை மட்டும் விளையாட்டாகப் பழக்கினோம்: தண்ணீர் வேண்டும், சிறுநீர் வருகிறது, வலிக்கிறது, உதவி, நானும் வரேன், வேண்டாம். நான் பார்த்த எந்தத் தொடரும் இவற்றை முதல் பாடமாக வைக்கவில்லை. அங்கே பிள்ளைகளை ஒரேயடியாக விட்டுவிட்டு வரச் சொல்வதில்லை. பழகும் காலம் என்று ஒன்று உண்டு. தொடக்கத்தில் பெற்றோரில் ஒருவர் கூடவே வகுப்பறையில் இருக்கலாம், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் என் பயத்தில் பாதி குறைந்திருக்கும். நீங்கள் போகும் நாட்டிலும் பள்ளியிடம் இதை முதலில் கேளுங்கள். அவள் அங்கே பல வாரங்கள் வாயே திறக்கவில்லை. ஆசிரியை பதறவில்லை, புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதலில் இப்படிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள், புரிதல் உள்ளே நடக்கும் என்றார். தண்ணீர் மட்டும் முதல் நாளிலேயே கேட்டு வாங்கிக் குடித்தாள். அவளாக உரக்கச் சொன்ன முதல் சொல் “மைன்ஸ்!”, என்னுடையது என்று. ஒரு பையன் வாளியைப் பிடுங்கியபோது.

ஏற்கெனவே ஏதாவது தொடருக்கு வருடச் சந்தா கட்டிவிட்டீர்களானால் இன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள், நிறுத்தியதற்கான மெயிலையும் திரையையும் படமெடுத்து வையுங்கள். கட்டிய பணத்துக்காகத் தினமும் போட்டே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதில் கதை உள்ள எபிசோடு மூன்று நான்கு தேறும், அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொழி தேர்வு செய்யும் இடத்தில் ஆங்கில விளக்கத்தை நிறுத்த முடிகிறதா பாருங்கள். படஅட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, வீட்டில் அந்தந்தப் பொருள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். மிச்ச நேரத்துக்கு, அந்த மொழி பேசும் ஒருவரைத் தேடுங்கள். எங்களுக்கு அந்த மாணவி கிடைத்தது, தெரிந்தவர் ஒருவரின் மகளிடம் சும்மா விசாரித்துப் பார்த்ததில்தான்.